சட்டையில் மாட்டிய மைக்

"மனிதாபிமானத் தூதர்" என்று மேடையில் என்னை அறிமுகப்படுத்தினார்கள். எனக்கே புல்லரித்தது. சண்டை நடக்கிற ஊருக்குள் நிவாரண லாரிகளை விடச் சொல்லி, துப்பாக்கி வைத்திருக்கிறவர்களிடம் பல்லைக் காட்டுவதுதான் என் பிழைப்பு. "ஊர் உலகத்துக்கெல்லாம் லாரி அனுப்புறீங்க, வீட்டுக்கு ஒரு கேஸ் சிலிண்டர் வரவைக்கத் துப்பில்ல" என்பாள் என் மனைவி. அறிமுகத்தில் அதை வாசிக்கவில்லை, நல்லவேளை.

மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் தூதராக நடித்துப் பழகும் மாநாடு. கல்லூரி அரங்கம் நிறையப் பிள்ளைகள், முன்னால் நாடுகளின் பெயர்ப் பலகைகள். நானும் வெளுத்து வாங்கினேன். "பேச்சுவார்த்தையில கெஞ்சக் கூடாது. கண்ணைப் பார்த்துப் பேசணும். கண்ணியம் முக்கியம்!" என்றேன். கைதட்டல் அள்ளியது.

அப்போதுதான் போன் அதிர்ந்தது. சோதனைச்சாவடித் தளபதி. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய மூன்று ஆக்ஸிஜன் லாரிகள் காலையிலிருந்து அவர் தடுப்புக்கட்டையில் நிற்கின்றன. சாயங்காலம் வரைக்கும்தான் ஆஸ்பத்திரியில் கையிருப்பு தாங்கும். ஒரு நிமிஷம் என்று சைகை காட்டிவிட்டுத் திரைக்குப் பின்னால் ஓடினேன்.

"அண்ணே! வணக்கம்ணே! அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லையா? உங்க பெரிய மனசுக்கு முன்னால நானெல்லாம் தூசுண்ணே. கால்ல விழுந்து கேக்கறேன், ஆஸ்பத்திரியில சாயங்காலம் வரைக்கும்தான் ஆக்ஸிஜன் இருக்கு, மூணு லாரியையும் விட்டுடுங்கண்ணே..."

அந்த அண்ணன் என்னைவிடப் பத்து வயசு சின்னவர்.

"ஒரு லாரி போகட்டும்" என்றார். "ஒரு லாரி விட்டதுக்கே கோடி நன்றிண்ணே!" என்று பொழிந்து, மனசு மாறுவதற்குள் போனை வைத்தேன். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். கிடைத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூட வேண்டும்.

திரும்பி வந்தால் அரங்கமே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. சட்டையில் மாட்டிய மைக்கை நான் அணைக்கவே இல்லை. கண்ணியம் கப்பலேறிவிட்டது. பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"சார், மீதி ரெண்டு லாரி?"

"அது... நாளைக்குப் பேசுவோம்மா. இன்னைக்கே நெருக்கினா கோவிச்சுக்குவாரு."

"நாளைக்கு வரைக்கும் ஆஸ்பத்திரியில எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்களா சார்?"

இருபது வருஷத்தில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. அவள் உட்காரவும் இல்லை. மேடையிலேயே, மைக்கோடு, மறுபடி அவர் எண்ணை அழுத்தினேன்.

"என்னய்யா, இப்பதானே நன்றி சொன்ன?"

"சொன்னேன்ணே. அது ஒரு லாரிக்கு."

தொலைந்தோம், முதல் லாரியும் போச்சு என்றே நினைத்தேன்.

"சரி, இன்னொண்ணு போகட்டும். இனிமே போன் பண்ணின, பார்த்துக்கோ!"

வைத்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

நான் மூன்றாவது தடவையாக அழுத்தினேன்.

"அண்ணே..."