செத்த வீட்டில் ஒரு மடிக்கணினி

பங்குனி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை எழுதிய என் குறிப்பு: "மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் ஒரே கல்யாண வீடியோத் துண்டை ஓடவிட்டுப் பார்த்தோம். மேசைக் கணினி சற்று முந்தியது. பெரிய வித்தியாசம் இல்லை. அறையில் ஏசி போட்டிருந்தது."

எதைக் குறித்தாலும் அன்றைய வெயிலையோ மழையையோ சேர்த்து எழுதுவது என் வழக்கம். ஏசியும் அப்படித்தான் குறிப்புக்குள் வந்திருக்க வேண்டும்.

அந்த ஒப்பீடு கொடிகாமத்தில் ஸ்ரூடியோ நடத்தும் ஒரு பெண்ணின் கடையில் நடந்தது. கல்யாணம், சாமத்தியச் சடங்கு, செத்த வீடு எல்லாவற்றையும் வெளிநாட்டு உறவுகளுக்கு நேரலையாக அனுப்புவது அவருடைய தொழில். பழைய படங்களைச் சேர்த்து வைக்க எனக்கொரு கணினி தேவைப்பட்டது. எதை வாங்கலாம் என்று கேட்கப் போயிருந்தேன். அவரிடமிருந்த இரண்டு இயந்திரங்களின் புரொசெசருக்கும் ஒரே பெயர், ஒரே தலைமுறை. கடைசி எழுத்து மட்டும் வேறு. அந்த எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "எழுத்திலை ஒண்டுமில்லை அண்ணை, விலையிலைதான் இருக்கு" என்று சிரித்தார்.

சித்திரையில், ஒரு புதன்கிழமை பின்னேரம், மயிலிட்டியில் அக்காவின் கணவரான என் அத்தான் காலமானார். அக்காவுக்கு ஒரே மகன். அவன் ஐரோப்பாவில் அகதி வழக்கு முடியாமல் இருக்கிறான். வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. அன்றிரவே எனக்குப் போன் எடுத்தான். அழவில்லை. "மாமா, வேறை ஒண்டும் வேண்டாம். அப்பாடை முகத்தை மூடேக்கை நான் பாக்க வேணும்" என்றான். நான் ஓம் என்றேன். சொன்ன பிறகுதான் அது என் கையில் இல்லாத காரியம் என்று உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலை, நான் கேட்டுக்கொண்டபடி, ஸ்ரூடியோக்காரப் பெண் மடிக்கணினியோடு வந்தார். மேசைக் கணினி வராதா என்று கேட்டேன். அந்தக் கிழமை மயிலிட்டியில் கரண்ட் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. மேசைக் கணினியென்றால் கரண்ட் போன கணமே நின்றுவிடும், இதற்குப் பற்றரி இருக்கிறது என்றார். சரியான காரணம்தான். இன்றைக்கும் அதில் பிழை சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டு இணைய இணைப்பிலிருந்து ஒரு வயர் இழுத்து, இரண்டு கமராக்களைப் பூட்டி, முற்றத்துத் தகரப் பந்தலுக்குள் ஒரு மேசையில் எல்லாவற்றையும் வைத்தார்.

அந்தப் பந்தலில் வெள்ளை கட்டியிருந்தார்கள். கூரைக்குக் கீழும் கப்புத் தூண்களைச் சுற்றியும் வெள்ளை. மேசை மட்டும் கறுப்பும் வயருமாகக் கிடந்தது யாருக்கோ பொறுக்கவில்லை. மடிக்கணினியைத் தூக்கி, கீழே ஒரு வேட்டியை நாலாக மடித்து விரித்து, மேலே வைத்து, ஓரங்களையும் அழகாகச் சுருக்கிவிட்டிருந்தார்கள். துக்க வீட்டுக்கு மரியாதையாகச் செய்த வேலை. நானும் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்றே நினைத்தேன்.

கிரியையில் சுண்ணம் இடித்துப் பாடிக்கொண்டிருக்கும்போது என் கைபேசியில் மருமகனின் செய்தி வந்தது. "மாமா, படம் நிக்குது."

இராகு காலத்துக்கு முன் பிரேதப் பெட்டி வாசற்படலையைத் தாண்ட வேண்டும் என்று குருக்கள் முதலே சொல்லியிருந்தார். அடுத்தது வாய்க்கரிசி. அது முடிந்தால் முகம் மூடுவார்கள். என் கைபேசியால் அவனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். அத்தனை சனம் நின்ற வளவுக்குள் அது தொடுக்கவேயில்லை. லைன் பிழை, லைன் பிழை என்று ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னார்கள். ஒருவர் வயரைப் பிடுங்கிச் செருகக் கை நீட்டினார். அந்தப் பெண் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"லைன் இருக்கு அண்ணை. இது சூட்டிலை படுத்திட்டுது."

திரையின் மூலையில் புரொசெசரின் வேகத்தைக் காட்டினார். கடையில் நாங்கள் பார்த்ததில் பாதிகூட இல்லை. அந்தக் கடைசி எழுத்தின் வித்தியாசம் இதுதான். மேசைக் கணினியில் உள்ள புரொசெசர் வேண்டிய மின்சாரத்தை எடுத்து, பெரிய விசிறியால் சூட்டை வெளியே தள்ளி, மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடும். மடிக்கணினியில் உள்ளது அந்தத் தட்டையான பெட்டிக்குள் அடங்க வேண்டும். சூடு ஏறினால் கருகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிரூட்டிய அறையில், சின்னத் துண்டு வீடியோவில், அந்தக் குணம் வெளியே தெரிய இடமில்லை. இங்கே தகரத்துக்குக் கீழே, காற்றுப் போகும் துவாரங்கள் வேட்டி மடிப்புக்குள் புதைந்து கிடந்தன.

அந்தப் பெண் வேட்டியை உருவினார். அத்தானின் தமையனார் எழும்பி வந்தார்.

"என்ன பிள்ளை, செத்த வீட்டிலை வெள்ளையை உரியிறாய்?"

"ஐயா, இதுக்கு மூச்சுவிட வழியில்லை."

"மூச்சில்லாமல் கிடக்கிறது என்ரை தம்பி."

அந்தப் பெண்ணின் கையில் வேட்டி தொங்கியது. அவரும் விடவில்லை, இவரும் விலகவில்லை. நான் இடையில் போய் மகன் பார்க்கவேண்டிய கதையைச் சொன்னேன். தமையனார் என்னைப் பார்க்காமலே திரும்பிப்போய்க் கதிரையில் இருந்தார்.

துணியை எடுத்தும் வேகம் மெதுவாகத்தான் ஏறியது. இதற்குள் வாய்க்கரிசி தொடங்கிவிட்டது. கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் குருக்களிடம் கேட்டேன். அவர் நேரத்தைப் பார்த்துவிட்டு, அரிசி போட அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பெட்டியின் தலைமாட்டில் அக்காவுக்காக ஒரு ஃபான் வைத்திருந்தார்கள். இரண்டு நாளாகச் சாப்பிடாமல் அதன் முன்னால்தான் இருந்தாள். நான் ஃபானைப் பார்ப்பதை அவள் கண்டுவிட்டாள்.

"தம்பி, உந்த ஃபானை அங்காலை திருப்பு. அவன் பாக்கட்டும்."

திருப்பினேன். காற்று முழுவதும் மேசைக்குப் போனது. அக்காவின் நெற்றியிலிருந்து வேர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் ஒரு கமராவை நிறுத்தி மற்றதை மட்டும் ஓடவிட்டார். வேகம் ஏறியது, விழுந்தது, திரும்ப ஏறியது. குருக்கள் முகம் மூடும் துணியைக் கையில் எடுத்தார். "போகுது அண்ணை, இப்ப போகுது" என்று அந்தப் பெண் சொன்ன அதே நேரத்தில் முகத்தை மூடினார்கள்.

பெட்டி நேரத்துக்குப் படலையைத் தாண்டியது. சுடலையிலிருந்து திரும்பியதும் மருமகனுக்கு எடுத்தேன். "ஓம் மாமா, பாத்தனான். அம்மா அரிசி போட்டதையும் பாத்தன், மூடினதையும் பாத்தன்" என்றான். குரல் தெளிவாக இருந்தது. அவன் சொன்ன இரண்டும் எங்கள் பக்கத்தில் எந்தச் செத்த வீட்டிலும் நடப்பவை, பார்க்காமலும் சொல்லலாம். அக்காவுக்கு நான் சொன்னது, மகன் பார்த்துவிட்டான் என்று மட்டும்.

மடிக்கணினியில் பதிவான வீடியோவை அடுத்த கிழமை வாங்கிப் பார்த்தேன். முகம் மூடும் இடம் அதில் இருக்கிறது. ஆனால் அது இயந்திரம் தனக்குள் சேமித்தது. அந்த நேரத்தில் வெளியே போனது எவ்வளவு, அவன் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்பதற்கு எந்தப் பதிவும் கிடைக்கவில்லை. என் குறிப்பில் "பார்த்ததாகச் சொன்னான்" என்றே எழுதியிருக்கிறேன். பார்த்தானா என்பது இதை எழுதும் வரை உறுதிப்படவில்லை.