நின்றுகொண்டு சாப்பிடுகிறவள்

ஜெனீவா என்ற பெயரை ஓபல் முதலில் கேட்டது இரவுச் சாப்பாட்டு மேசையில். தம்பி டேல் தீவனக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. "கடைக்கு ஜெனீவான்னு ஒருத்தி வருவா. கோட்டுப் பையில காக்காக் குஞ்சு வச்சிருக்கா. ரொட்டிய மென்னு அதோட வாயில குடுக்குறா" என்றான். அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த வாயிலதான் நீ முத்தம் குடுக்கப் போறியாக்கும்." டேலின் காது சிவந்ததைப் பார்த்ததுமே கல்யாணம் உறுதி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

காகத்துக்குப் பிறகு புறா, புறாவுக்குப் பிறகு காக்கட்டீல் என்னும் கொண்டைக்கிளிகள். ஒஹாயோவின் அந்தப் பக்கத்தில் கையால் ஊட்டி வளர்த்த குஞ்சு வேண்டுமென்றால் ஜெனீவாவைத்தான் கேட்பார்கள். ஊட்டுவதற்கு அவளிடம் ஒரு தேக்கரண்டி உண்டு. டேல் இடுக்கியால் அதன் ஓரங்களை உள்ளே வளைத்துக் கொடுத்தது. மாவுக்கூழைக் கரைத்துச் சூடு பார்த்து, குஞ்சு தலையை ஆட்டி ஆட்டி உறிஞ்சும்போது கரண்டியை அசையாமல் பிடித்திருப்பாள். மூக்குக் கண்ணாடியில் எப்போதும் காய்ந்த கூழ்ப் புள்ளிகள். சர்ச்சுக்கும் அதோடுதான் வருவாள். யாராவது சொன்னால், "பாட்டுப் புஸ்தகம் தெரியுது, போதும்" என்பாள்.

இன்னொரு வழக்கம் டேல் இறந்த பிறகு வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்று, அறைக்கு முதுகைக் காட்டி, சட்டியிலிருந்தே சாப்பிட்டுவிடுவாள். "ஒரு ஆளுக்கு எதுக்குத் தட்டு? கழுவப் போறவ நான்தான."

டேல் இல்லாத இந்த முதல் வசந்தத்தில் ஒரே ஒரு முட்டைதான் பொரித்தது. குஞ்சுக்குச் சிறகு முளைத்தது, பறந்தது. தானாகத் தின்ன மட்டும் வரவில்லை. தினைக்கதிர் தொங்கவிட்டாள், அதில் ஊஞ்சலாடியது. வேகவைத்த சோளத்தைக் கிண்ணத்தில் வைத்தாள், மிதித்து நடந்தது. அவளைக் கண்டால் போதும், எண்ணெய் போடாத பம்பு மாதிரி கத்தும். பசித்தால் தின்னட்டும் என்று விட்டுப் பார்ப்பாள். காலையில் தராசில் எடை இறங்கியிருக்கும். உடனே கரண்டி வந்துவிடும்.

இதற்குள் அவளுடைய இடுப்பு ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓபல் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். ஓபலுக்குக் கை நடுங்கும். கரண்டி சற்றுத் தவறிக் கூழ் மூச்சுக்குழலில் இறங்கினால் குஞ்சு பிழைக்காது.

"இது தானா திங்குற வரைக்கும் நான் எங்கயும் வரல அண்ணி."

"போன தடவையும் இப்படித்தான் தள்ளிப் போட்ட."

"அப்ப கூட்டுல முட்டை இருந்துச்சு."

"நீ விழுந்து கெடந்தா முட்டை வந்து தூக்குமாடி?"

ஜெனீவா சட்டியை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். ஓபல் விடவில்லை. "எனக்கு முழங்கால் வலி. உன்கூட நின்னுக்கிட்டுத் திங்க முடியாது. வந்து உக்காரு." மேசையில் பேப்பரையெல்லாம் ஒதுக்கித் தட்டுகளை வைத்தாள். அடுப்பில் சுட்ட கொத்திறைச்சி, பட்டாணி, மசித்த உருளைக்கிழங்கு. உப்பில்லாத பட்டாணி என்று இருவரும் முணுமுணுத்தார்கள். கிளிகளுக்கு ஆகாதென்று அந்த வீட்டில் உப்புப் போடுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது.

குஞ்சு திரைச்சீலையிலிருந்து மேசைக்கு இறங்கியது. கத்தியது. இருவர் வாயும் மெல்லுவதை மாறி மாறிப் பார்த்தது. பிறகு ஜெனீவாவின் தட்டில் ஏறி ஒரு பட்டாணியை எடுத்து, தோலை உரித்துத் துப்பி, உள்ளிருந்ததை விழுங்கியது. அடுத்ததையும் எடுத்தது.

ஜெனீவாவின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

"நிறுத்தாத. தின்னு" என்றாள் ஓபல்.

ஜெனீவா மென்றாள். விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "எல்லாக் குஞ்சும் அவரு தட்டுலதான் ஏறி மேயும். எச்சில் பண்ண விடாதீங்கன்னு நான் கத்துவேன். தினைக்கதிர்லதான் பழகுதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"அவன் உங்கிட்டத் திட்டு வாங்காத நாள் ஏது."

அதற்குப் பிறகு மூன்று வேளையும் தட்டில்தான் சாப்பாடு. குஞ்சின் எடை இறங்கவில்லை. கரண்டியைக் கழுவித் துடைத்து இழுப்பறையில் போட்டுவிட்டு ஜெனீவா ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

இப்போது அவள் ஊருக்கு வெளியே உள்ள மருத்துவ இல்லத்தில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறாள். நடை பழகுகிறாள். நேற்று ஓபல் பார்க்கப் போனபோது, சாப்பாட்டுத் தட்டிலிருந்த பட்டாணியில் பாதியை உப்புப் போகத் தண்ணீரில் அலசி, கைதுடைக்கும் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள்.