வேண்டாவின் கிணற்று மண்

வேண்டா எதையும் சந்தேகப்படாமல் ஏற்றுக்கொண்டதைப் பார்த்தவர்கள் ஊரில் யாரும் கிடையாது. திருப்போரூர் சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போனால், கடைக்காரன் பொறுக்கிப் போட்டதை அப்படியே கொட்டிவிட்டுத் தானே உட்கார்ந்து பொறுக்குவாள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களையே, "இன்னாத்துக்கு என்ன தேடி வந்து குடுக்கறீங்க? இன்னா விஷயம்?" என்று கேட்டு முழிக்க வைத்தவள். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் இனி போதும் என்று அப்பன் வைத்த பெயர் அது. பெயரே இப்படி இருந்தால் பொம்பளை யாரைத்தான் நம்புவாள் என்று கேலி பேசுவார்கள்.

கேலி பேசினவர்களுக்கு அவள் அப்பன் கதை தெரியாது. கடலோரத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. வேண்டாவுக்குப் பத்து வயசு இருக்கும்போது நாலு பேர் சங்கிலியோடு வந்து அளந்தார்கள். மூலைக்கு ஒரு குச்சி நட்டு அதில் சிவப்புத் துணி கட்டினார்கள். "சும்மா அளந்துட்டுப் போறோம் பெரியவரே" என்று சொல்லி, வீட்டு மோரையும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் அந்த நிலம் ஏதோ சர்க்கார் வேலைக்கென்று போய்விட்டது. அப்பன் அதே நிலத்தில் கல் சுமக்கக் கூலிக்குப் போனார். மோர் ஊற்றிக் கொடுத்தவள் வேண்டாதான். அதை அவள் சாகும்வரைக்கும் மறக்கப் போவதில்லை.

செங்கல்பட்டுக்கும் திருப்போரூருக்கும் நடுவில் ஒரு ஊரில் சடையப்பனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அறுபது சென்ட் நிலம், ஒரு கிணறு. சடையப்பன் எவன் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற மனுஷன். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

தொண்ணூற்றெட்டு கோடையில் கிணறு வற்றியது. ஆள் வைத்து இன்னும் பத்தடி இறக்கினார்கள். மேலே வந்தது சாம்பல் நிறக் களி. காய்ந்ததும் பாளம் பாளமாகப் பிளந்தது. சில பாளத்துக்குள்ளே இலையின் அச்சு அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு துண்டைச் சென்னைக்கு எடுத்துப் போனார். இரண்டு மாசம் கழித்து, தோளில் பையும் கையில் சல்லடையுமாக ஒரு பெண் கிணற்றடியில் வந்து நின்றாள்.

பேர் ஜெயப்பிரியா. இருபத்தஞ்சு வயசு இருக்கும். ஆராய்ச்சி பண்ணுகிறாளாம். இந்த மண்மேட்டைக் கழுவிச் சலித்துப் பார்க்க வேண்டுமாம்.

"தாராளமா பாரும்மா" என்றான் சடையப்பன்.

"யோவ், நீ சும்மா கெட" என்றாள் வேண்டா. "இன்னா பாப்பா, மண்ண கயுவி இன்னா எடுக்கப் போற? தங்கமா?"

"இல்லக்கா. பல்லு."

"பல்லா? யாரு பல்லு?"

ஜெயப்பிரியா பொறுமையாகத்தான் சொன்னாள். பத்துப் பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முன்னால் சுண்டெலி அளவில் ஒரு ஜீவன் இருந்தது. ஆடு, மாடு, மனுஷன் என்று பால் கொடுத்துக் குட்டி வளர்க்கிற எல்லாருக்கும் அது தூரத்துப் பங்காளி. அதன் தாடையின் உள்பக்கம் நீளமாக ஒரு பள்ளக் கோடு இருக்கும். அந்தக் கோட்டில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டி எலும்புகள்தான் போகப் போக விலகி, நம் காதுக்குள்ளே போய் உட்கார்ந்தன. அப்படி ஒரு தாடை இந்தப் பக்கத்து மண்ணில் கிடைத்துவிட்டால் தன் ஆராய்ச்சி ஜெயித்துவிடும், கிடைக்காவிட்டால் மூன்று வருஷ உழைப்பு வீண்.

வேண்டாவின் காதில் ஒரே ஒரு வார்த்தைதான் விழுந்தது. பங்காளி. பங்காளி என்று வந்தவன் எவன் நிலத்தில் பங்கு கேட்காமல் போயிருக்கிறான்?

போதாக்குறைக்கு, அந்தப் பெண்ணின் அப்பா கல்பாக்கத்தில் சர்க்கார் அணு ஆராய்ச்சி ஆபீஸில் வேலை பார்க்கிறார் என்று தெரிய வந்தது. "அப்பன் அணு ஆபீஸு, பொண்ணு மண்ணத் தோண்டுது. பல்லாம் பல்லு! காதுல பூ சுத்தறா" என்று புருஷனிடம் பொரிந்து தள்ளினாள். சடையப்பன் சிரித்தான். மறுநாள் காலை ஜெயப்பிரியா மண்மேட்டைச் சுற்றி நாலு குச்சி நட்டு, அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டினாள். எந்த மூலை மண்ணில் எது கிடைத்தது என்று எழுதி வைப்பதற்காக நட்ட குச்சி அது. வேண்டாவுக்கு அப்பன் நிலத்தில் நட்ட குச்சி ஞாபகம் வந்தது. அவளுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

விரட்டினால் போலீஸோடு வருவார்கள். அதனால் வேண்டா வேறு வழி பிடித்தாள். "கயுவற வேலைக்கு ஆள் வோணுமா? நான் வர்றேன்" என்று தானே போய்ச் சேர்ந்தாள். கூடவே இருந்து கண்காணிக்கலாம் இல்லையா? களியை ஊறப் போட்டு, பம்புசெட்டுத் தொட்டியில் சல்லடையை அலசி அலசி, மிஞ்சும் பொடியை வேட்டித்துணியில் காயப் போடுவது அவள் வேலை. காய்ந்த பொடியை ஜெயப்பிரியா தட்டில் பரப்பி, ஈரத் தூரிகையும் பூதக்கண்ணாடியுமாகக் குனிந்து தேடுவாள். இரண்டு மாசம் இப்படியே போனது. மீன் செதில் கிடைத்தது, மரத்துணுக்கு கிடைத்தது, தாடை கிடைக்கவில்லை.

நடுவில் ஒருநாள் வேண்டாவின் கையில் சல்லடைக் கம்பி கிழித்துவிட்டது. ஜெயப்பிரியா பதறிப்போய்த் தன் துப்பட்டாவையே கிழித்துக் கட்டினாள். வேண்டாவுக்கு மனசு ஒரு நிமிஷம் இளகியது. அடுத்த நிமிஷமே, இதுவும் நிலத்துக்குத்தானோ என்று இறுகிக்கொண்டது. சே, என்ன மனசு அது!

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. இவள் தேடுவது கிடைத்தால் நிலம் போகும். ஒன்றும் கிடைக்காவிட்டால் தேடிக்கொண்டே இருப்பாள். கிடைத்தது பொய் என்று ஆகிவிட்டால்? வெட்கப்பட்டு ஓடிவிடுவாள்.

வீட்டில் பொறி வைத்து இரண்டு சுண்டெலி பிடித்தாள். எறும்புப் புற்றுப் பக்கம் போட்டாள். பத்து நாளில் எலும்பு மட்டும் மிஞ்சியது. தாடையை இரண்டிரண்டாகப் பிரித்தாள். நாலில் ஒன்று நொறுங்கிப்போனது, அதை அடுப்பில் போட்டாள். மீதி மூன்றையும் கரியில் புரட்டிக் கறுப்பாக்கினாள். கிருத்திகை அன்று காலை, காய்கிற பொடியில் மூன்றையும் செருகிவிட்டு, நல்ல பிள்ளை மாதிரி திருப்போரூர் முருகனைக் கும்பிடப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது ஜெயப்பிரியா பிலிம் ரோல் டப்பா ஒன்றை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். "அக்கா! கெடச்சிடுச்சிக்கா!" என்று வந்து கட்டிப்பிடித்தாள். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப் போன் பண்ணிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் அவளுடைய பேராசிரியர் லக்ஷ்மிநாராயணன் ஜீப்பில் வந்து இறங்கினார். முன்கோபக்காரர் என்பது முகத்திலேயே தெரிந்தது. டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். மூக்கில் வைத்து முகர்ந்தார்.

"அடுப்புக் கரி வாசனை அடிக்குது. இது வீட்டு எலி. யார் வேலை இது?"

"சார், இதெல்லாம் நான் சரியா பாக்கல. மொதல்ல கெடச்சத பாருங்க சார், அதுல கோடு..."

"போதும். உனக்கு அவசரம்னா என் பேரையும் சேர்த்து நாறடிப்பியா? இந்தக் கிணத்துப் பேரை இனிமே எந்தப் பேப்பர்லயும் எழுதாதே."

டப்பாவை அப்படியே கிணற்றில் கவிழ்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். தன் மாணவியையே அவர் திருடி மாதிரி பார்த்ததை வேண்டா கவனிக்காமல் இல்லை. ஜெயப்பிரியா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நடிக்கிறாள் என்று வேண்டா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் நாலு குச்சியையும் பிடுங்கி அடுப்பில் வைத்தாள்.

வருஷங்கள் ஓடின. தண்ணீர் இன்னும் கீழே போனதால் சடையப்பன் போர் போட்டு, பழைய கிணற்றை லாரி மண் கொட்டி மூடினான். ஊரைச் சுற்றி வயலெல்லாம் பிளாட் ஆனது. இரண்டாயிரத்து ஏழில், புதுச் சாலைக்கு நிலம் எடுக்கிறோம் என்று நோட்டீஸ் வந்தது. வேண்டாவின் அறுபது சென்ட்டும் அதில் இருந்தது.

அவள் நெஞ்சிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் யாரோ சொன்னார்கள், கல்லாய்ப்போன மரம் கிடக்கிற ஒரு இடத்தைச் சர்க்காரே வேலி போட்டுக் காப்பாற்றுகிறது, யாரும் கை வைக்க முடியாது என்று. வேண்டா அப்படியே எழுந்து உட்கார்ந்தாள். எது நிலத்தைப் பிடுங்கும் என்று பயந்தாளோ, அதுதான் இப்போது நிலத்தைக் காப்பாற்றும்!

விசாரித்து விசாரித்து, மறைமலைநகர் பக்கம் ஒரு காலேஜில் ஜெயப்பிரியாவைக் கண்டுபிடித்தாள். அந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு நிலத்தடி நீரைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். தலையில் அங்கங்கே நரை.

"பாப்பா, எங்க கெணத்துல அந்தப் பல்லு கீதுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடு. உன் காலப் புடிக்கிறேன்."

"அங்க ஒண்ணும் கெடைக்கலியேக்கா. எல்லாம் எலின்னு ஆயிடுச்சே."

வேண்டாவுக்கு வேறு வழியில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த எலித்தாடைய போட்டது நான்தான். நீ நெலத்துக்கு வந்தேன்னு நெனச்சிகினு பண்ணிட்டேன். அட்ச்சாலும் வாங்கிக்கிறேன்."

ஜெயப்பிரியா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "எத்தனை போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"மூணு."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"நாலாவது ஒடஞ்சி பூடிச்சி. என் கையால அடுப்புல போட்டேன். மூணுதான்."

"எனக்குக் கெடச்சது நாலுக்கா."

முதலில் கிடைத்த ஒன்றை மட்டும்தான் கண்ணாடி வைத்து நிதானமாகப் பார்த்தாளாம். உள்பக்கம் அந்தக் கோடு தெளிவாக இருந்ததாம். அந்தச் சந்தோஷத்தில் மற்ற மூன்றையும் சரியாகப் பார்க்காமலே டப்பாவில் போட்டாளாம். சார் கொட்டிவிட்டுப் போனபிறகு, தன் கண்ணே தன்னை ஏமாற்றிவிட்டது என்று ஒன்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாளாம். அந்த நிஜத் தாடை இப்போது மூடின கிணற்றுக்குள்ளே கிடந்தது.

செங்கல்பட்டில் விசாரணை நடந்த அன்று வேண்டா எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரி ஃபைலிலிருந்து தலையைத் தூக்கி அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, நெலம் போகக் கூடாதுன்னு எலிக் கதை சொல்றியா?" என்றார். பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஊரையெல்லாம் தான் பார்த்து வந்த பார்வை அது என்று வேண்டாவுக்குத் தெரிந்தது. உடம்பு கூசியது.

அப்போது வாசல் பக்கத்திலிருந்து, "நான் பார்த்தேன் சார்" என்று குரல் வந்தது. லீவு போட்டுவிட்டு ஜெயப்பிரியா வந்திருந்தாள். "இந்தம்மா சொல்றது நெசம். தாடை இருந்துச்சு."

"ஆதாரம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்படின்னா நான் என்னம்மா பண்றது?" என்று அதிகாரி ஒரு வரி எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். நிலம் போனது.

பஸ் ஸ்டாண்டில் ஜெயப்பிரியா இரண்டு டீ வாங்கி வந்தாள். வேண்டா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். லீவு போட்டு, அத்தனை பேர் சிரிக்க நின்றாளே, இதில் இவளுக்கு என்ன லாபம் என்று மனசு கேட்டது. கேட்டே விட்டது! நிலம் போனதைவிட அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"பாப்பா, இப்பகூட உன் மேல சந்தேகம் வருது. இன்னா ஜென்மம்மா நானு!" என்று வாய்விட்டு அழுதாள்.

"எனக்கும்தான்க்கா" என்றாள் ஜெயப்பிரியா. "நெலத்துக்காகத்தான் மூணுன்னு சொல்றீங்களோன்னு பஸ்ல வர்றப்போ பூரா யோசிச்சிட்டே வந்தேன்."

வேண்டா கண்ணைத் துடைத்தாள். "அப்புறம் இன்னாத்துக்கு எனக்காக சொன்ன?"

"உங்களுக்காக இல்லக்கா. அந்தக் கோட்டை நான் பார்த்தேன்னு ஒரு தடவையாவது நாலு பேர் முன்னாடி சொல்லணும் போல இருந்துச்சு."

திருப்போரூர் பஸ் வந்தது. டீயைக் குடித்து முடித்துவிட்டு வேண்டா எழுந்தாள்.