கீதாவின் கை

மாகறலிலிருந்து உத்திரமேரூருக்கு வாக்கப்பட்டு ஒன்பது வருஷமாகியும் கீதாவுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக யாரும் அவளை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. விதையைத் தொட மட்டும் விடவில்லை. கொல்லையில் அவரை ஊன்றுவதும் பூசணி போடுவதும் மாமியார் பவளத்தின் கைதான். தண்ணீர் ஊற்றவும் களை பிடுங்கவும் கீதாவின் கை வேண்டும். அதற்கு மட்டும் ராசி பார்ப்பதில்லை.

ஆடி பிறந்தால் அக்கம்பக்கத்துப் பெண்கள் விதை மாற்றிக்கொள்ள முந்தானையில் முடிந்துகொண்டு வருவார்கள். கீதாவைக் கண்டால், "பவளக்கா இல்லியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். ஒவ்வொரு வருஷமும் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். ஒரே ஒரு செடியைத் தன் கையால் போட்டு முளைக்க வைத்துக் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. கடைத்தெருவில் வாங்கலாமென்றால் விதைக்கடைக்காரர் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தம்பி. காலையில் வாங்கினால் மத்தியானத்துக்குள் சேதி வீட்டுக்கு வந்துவிடும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஷாஜியா, பிளஸ் டூவில் கீதாவோடு ஒரே பெஞ்சு. மூன்று பிள்ளைக்காரி. அவள் குச்சியை நட்டாலும் துளிர்க்கும் என்று தெருவே சொல்லும். இரண்டாயிரத்து ஒன்பதில் ஒருநாள், வீட்டுத்தோட்ட விதை விற்கிற வெப்சைட்டைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினாள். மஞ்சள் தக்காளி, ஊதா மிளகாய் என்று படம் படமாக வந்தது.

"இத யாரு கையால குடுப்பாங்க?" என்றாள் கீதா.

"மெஷினு பாக்கெட் போடுது. அதுக்கு ஏது ராசி?" என்று ஷாஜியா சிரித்தாள்.

இருவருக்குமாக மஞ்சள் தக்காளி விதையைக் கடை விலாசத்துக்கே வரவழைத்தார்கள். பார்சல் வந்ததும், "நீயே பிரிடி" என்றாள் ஷாஜியா. கீதா படபடப்போடு பிரித்து, பாதியைத் தோழியின் உள்ளங்கையில் கொட்டினாள். கல்யாணமாகி வந்த பிறகு அவள் இன்னொருத்திக்கு விதை கொடுத்தது அன்றைக்குத்தான்.

மீதியைக் கொல்லைக் கோடியில், மண் நிரப்பிய யூரியா சாக்கில் போட்டாள். பவளம் பார்த்தும் தடுக்கவில்லை. கீதா காலையும் மாலையும் குனிந்து குனிந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது. பவளம் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா, மண்ணுதான் கீது" என்று சாக்கைக் காட்டினாள். கீதாவுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் ஷாஜியா சொன்னாள்: "எனக்கும் ஒண்ணுகூட மொளைக்கலடி. சொத்த வெதைய நம்ம தலைல கட்டிட்டானுங்க!"

கீதாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வேகுவேகென்று வீட்டுக்கு ஓடினாள். "அத்தே, ஷாஜியாவுக்கும் மொளைக்கலியாம்! வெததான் சொத்தயாம்!"

பவளம் முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "பாக்கெட்ட யாரு பிரிச்சது?"

"நான்தான்."

"அவளுக்கு எட்த்துக் குட்த்தது?"

கீதா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

"அப்புறம் இன்னா?" என்று பவளம் அரிசியைப் புடைக்க ஆரம்பித்தாள்.

இப்படிப் பேசுகிறவளிடம் எந்தக் கம்ப்யூட்டரைக் காட்டி வழக்காடுவது? அதைவிடக் கொடுமை, போகப் போக, மாமியார் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே கீதாவுக்கும் தோன்றிவிட்டது.

ஷாஜியா விடாமல் சண்டை போட்டதில் விற்றவர்கள் வேறு பாக்கெட் அனுப்பினார்கள். ஆசையாகக் கூப்பிட்டு நீட்டினாள். கீதா கடை வாசற்படியைத் தாண்டவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீயே பிரி ஷாஜியா. உன்னுதாவது மொளைக்கட்டும்."