பீங்கான் பார்த்த ராவுத்தர்

கிதர் முகம்மது ராவுத்தருக்குப் பீங்கான் தெரியாது என்று திண்டுக்கல்லில் இன்றைக்கும் சொல்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருடைய பழைய சாமான் கடையும் என் தையல் கடையும் ஒட்டியே இருந்தன. கொடைக்கானலை விட்டுப் போன வெள்ளைக்காரர்களின் சாமான்களைக் கொடைரோட்டில் வாங்கி வருவார். பீங்கானை வெயிலில் பிடித்து, பின்னால் விரலை வைத்து, நிழல் தெரிகிறதா என்று பார்ப்பார். நகத்தால் தட்டிக் காது கொடுப்பார். கடைசியாக அடியைத் திருப்பி முத்திரையைத் தேடுவார். அவர் சொன்ன விலைக்கு மதராஸ் வியாபாரிகூட மறுபேச்சுப் பேசமாட்டான்.

ஐம்பத்தேழாம் வருஷம் மாசி மாதம், பக்கத்துத் தெரு சகாயராணி முந்தானையில் பொதிந்து இரண்டு பீங்கான் மெழுகுதிரி ஸ்டாண்டு கொண்டுவந்தாள். கொடைக்கானலில் ஆயா வேலை பார்த்த அவள் அம்மாவுக்கு ஒரு துரைசானி கொடுத்துப் போனது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த அவள் புருஷன் சூசை அப்போது ரத்தமாக இருமிக்கொண்டிருந்தான். மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டக் கையில் காசில்லை.

மாதா படத்துக்கு முன்னால் எரிந்து எரிந்து இரண்டும் கரியும் மெழுகுமாக இருந்தன. ராவுத்தர் நகத்தால் கொஞ்சம் சுரண்டினார். தங்கப்பூ தெரிந்தது. அடியில் சிவப்பில் ஒரு சின்னக் கிரீடம்.

"நூறு வருசத்துச் சாமான், தாயி. ஜோடி நானூறு ரூபாய்க்குப் போகும், நான் பொறுப்பு. சனிக்கிழமை மதராஸ்காரர் வாராரு. செத்த சுத்தம் பண்ணி எடுத்துட்டு வாங்க."

சொன்ன நாளில் வந்தாள். "ரெண்டு நாளா வெளக்குனேன் பாய். பளிச்சுன்னு இருக்கா?" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள்.

திருவிழாவுக்குப் பித்தளைக் குடம் விளக்குகிற மாதிரி, புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறாள். தங்கம் போய்விட்டது, பூ போய்விட்டது. கிரீடம் இருந்த இடத்தில் வெளிறிய ஒரு கறை. மதராஸ்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரை இல்லையே. பத்து ரூபா தரலாம்" என்று எழுந்து போனார். ராவுத்தர் தன் கைக்காசு ஐம்பது ரூபாயைக் கொடுத்து ஸ்டாண்டுகளை வைத்துக்கொண்டார். அது எந்த மூலைக்கு? பங்குனி பிறக்கும் முன்பே சூசை செத்துப்போனான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அவள் நேரே கடைக்கு வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாய். நான் தேய்ச்சதுனாலதான் வெலை போகலையா? எம் புருசன நான்தான் கொன்னேனா? சோறு எறங்க மாட்டேங்குது."

ராவுத்தர் உள்ளே இருந்த ஸ்டாண்டை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இல்ல தாயி. அது மொதல்லயே போலிச் சாமான். நெசத் தங்கம்னா புளிக்குப் போகுமா? நான்தான் பாக்கத் தெரியாம வெலை சொல்லிட்டேன்."

அவ்வளவுதான், அவளுக்கு ஆங்காரம் வந்துவிட்டது. "தெரியாத ஆளு எதுக்குய்யா நானூறுன்னு சொன்னீரு? அத நம்பித்தானே வேற எங்கயும் கேக்காம கெடந்தோம்" என்று தெருவே கூடும்படி ஏசிவிட்டுப் போனாள். அன்று அவள் வீட்டில் உலை வைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

கோயில் வாசல், குழாயடி என்று போகிற இடமெல்லாம் சொன்னாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஊர் முதலில் சிரித்தது. அப்புறம் வியாபாரிகள் வருவது நின்றது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லித் தொலையும் என்று சண்டை போட்டேன்.

"ஏலே தங்கமுத்து, சும்மா இரு. சுத்தம் பண்ணி எடுத்துட்டு வான்னு சொன்னது என் வாய்தானே. எதை வச்சுத் தொடைக்கணும்னு அந்த வாய் சொல்லுச்சா?" என்றார்.

கடைசி ஏழு வருஷம் பழைய இரும்புதான் எடை போட்டு விற்றார். அறுபத்துநாலில் மௌத்தானார். ஜனாஸா எங்கள் தெருவைத் தாண்டும்போது சகாயராணியும் என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"பாவம், நல்ல மனுசன். பீங்கான்தான் பாக்கத் தெரியாது" என்றாள்.

"ஆமா தாயி, தெரியாதுதான்" என்றேன்.