மாமா ஒப்பித்த பத்து அட்டைகள்

என் அக்கா தையல்காரி. தைத்ததில் ஒரு பிசிறு இருந்தாலும் வாடிக்கையாளர் கண்ணில் பட விடமாட்டாள். அவர் வருவதற்குள் இஸ்திரி போட்டு அமுக்கிவிடுவாள். அந்தப் பழக்கம்தான் அவள் புருஷன், என் மாமாவின் வாயை அடைத்தது என்றால் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கும்தான் வயிறு எரிகிறது.

மாமா கம்பெனி வேன் ஓட்டியவர், வாய் ஓயாத மனிதர். பக்கவாதம் வந்த பிறகு கை கால் ஓரளவு திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு எட்டு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். தனியாரில் தேடி ஒரு வாரம் போனும் கையுமாக அலைந்தோம். ஒருவர் குழந்தைகளுக்கு மட்டும்தான் என்றார். ஒருவர் போனையே எடுக்கவில்லை. கடைசியில் ஒரு பெண் கிடைத்தாள். அவள் கட்டணத்தைக் கேட்டு அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நல்ல வேளையாக, கம்பெனி இன்ஷூரன்ஸ் ஆறு வாரத்துக்குக் கட்டும், பிறகு ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு நீட்டிக்கும் என்றார்கள்.

அந்தப் பெண்ணை நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். பத்துப் பட அட்டைகளை வீட்டிலேயே விட்டுப் போனாள். "கலைச்சுப் போட்டுக் காட்டுங்க. வார்த்தைய அவரே தேடட்டும், நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க" என்றாள்.

ஆள் வரப்போகிறார் என்றதும் அக்காவுக்கு அது பரீட்சையாகிவிட்டது. ஃபெயிலானால் பணத்தை நிறுத்திவிடுவார்கள் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். காலையும் மாலையும் அட்டைகளை ஒரே வரிசையில் அடுக்கி உருப்போட வைத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. வர்றவர் முன்னாடி மானத்த வாங்கிடாதீங்க."

மாமா வாங்கவில்லை. அக்கா அடுக்கி வைத்ததைக் கலைக்காமல் வந்தவர் மேலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்ட, பத்தையும் கடகடவென்று ஒப்பித்தார். வந்தவர் மாமாவுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். பத்தாம் நாள் கடிதம் வந்தது: இலக்கு எட்டப்பட்டது, மேற்கொண்டு பயிற்சி தேவையில்லை.

"அப்ப தப்பு தப்பாச் சொல்லியிருக்கணுமா?" என்று அக்கா டீச்சரிடம் கேட்டாள்.

"அவருக்கு வந்தத மட்டும் சொல்லியிருந்தாப் போதும்க்கா."

பாவம், டீச்சரும் இன்ஷூரன்ஸுக்கு இரண்டு முறை எழுதிப் பார்த்தாள். அதே பதில்தான். அக்கா கைக்காசில் இரண்டு வகுப்பு நடந்தது, மூன்றாவதுக்கு வழியில்லை. நான் தரலாம் என்றால் என் கையில் மட்டும் என்ன கொட்டிக் கிடக்கிறதா?

டீச்சரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு அக்கா மெஷின் மேல் கவிழ்ந்து அழுதாள். மாமா மெதுவாக எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, வராமல் தவித்தார்.

"குடை" என்றார். "சாவி. நாற்காலி."

பத்தையும் வரிசை பிசகாமல் சொல்லி முடித்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.