பொறுமையாக இருக்கச் சொன்ன பிக்குணி

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஜனவரி மாதம். டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்தேன். என்னை அகதியாக ஏற்றுவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவியையும் மூன்று வயது மகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எப்போது கேட்டாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில். அங்கேயோ சண்டை. மனைவியின் கடிதம் பிந்தினால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் டெனிஷ் வகுப்பு ஆசிரியை, மலை மேலே ஒரு பௌத்த மடம் இருக்கிறது, எல்லோரும் போய்ப் பார்க்கலாம் என்றார். டென்மார்க்கில் ஏது மலை? கொஞ்சம் உயரமான மேட்டைத்தான் மலை என்பார்கள். நானும் என் அறை நண்பரும்தான் வகுப்பில் தமிழர். "பௌத்த நாட்டிலிருந்து வந்தவர்கள், உங்களுக்குச் சொந்த வீடு மாதிரி இருக்கும்" என்றார் எங்களைப் பார்த்து. அந்த நாட்டை விட்டு ஏன் ஓடி வந்தோம் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை! எரிச்சலோடுதான் போனேன்.

மேட்டின் அடியில் மடத்து வாசல் படலையைக் கண்டதும் மனம் மாறியது. எந்தச் சாமியாக இருந்தால் என்ன, பெண்சாதி பிள்ளை வந்து சேரட்டும் என்று நேர்ந்துகொண்டு, கோயில் வாசல் என்ற பழக்கத்தில் அங்கேயே சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன். நண்பரும் கழற்றினார். கணுக்கால் வரை பனி. மேலே போய்ச் சேரும்போது கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மற்றவர்கள் மடத்துக் கதவடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தடித்த கம்பளிக் காலுறையோடு உள்ளே போனார்கள்.

மொட்டை அடித்த டெனிஷ் பிக்குணி ஒருவர் பதறி ஓடி வந்தார். சட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுவந்து, முழந்தாளிட்டு என் கால்களை அதில் வைத்தார். ஏன் இப்படி வந்தீர்கள் என்று கேட்டார். தெரிந்த டெனிஷில் எல்லாவற்றையும் சொன்னேன். இது ஒழுங்கான நாடு, அலுவலகத்துக்கு நேரம் எடுக்கும், பொறுமையாக இருங்கள், பற்றைத் தளர்த்தினால் மனம் அமைதியாகும் என்றார்.

எனக்கு வந்த கோபம்! டெனிஷ் வாயில் வரவில்லை, தமிழிலேயே கத்தினேன்.

"பொறுமையோ? அங்க ஷெல் விழுகுது. என்ரை பிள்ளை பங்கருக்குள்ள படுக்குது. நான் எந்தப் பற்றை விடுறது?"

"விடுங்கோ அண்ணை" என்று நண்பர் தோளைப் பிடித்தார். பிக்குணியோ, அப்படியே மொழிபெயர்க்கச் சொன்னார். நண்பரும் ஒரு சொல் விடாமல் டெனிஷில் சொன்னார். பிக்குணி என் காலைத் துடைத்துவிட்டார். காலைக் கழுவியவரிடம் கத்திவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு வருடம் கழித்துத்தான் மனைவியும் மகளும் வந்தார்கள். மகள் என்னோடு ஒட்ட இரண்டு மாதம் பிடித்தது.

சில வருடங்களில் விசாரணை நடந்து உண்மை வெளியே வந்தது. தமிழர்களின் விண்ணப்பங்களை வேண்டுமென்றே கிடப்பில் போடச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் மேலிடத்திலிருந்து. குடும்பத்தைக் கூப்பிடுவது சட்டம் எங்களுக்குத் தந்த உரிமை! நாங்கள் தினமும் தபால்காரரைப் பார்த்து ஏமாந்துகொண்டிருந்தோம்.

அந்த வாரமே யாரோ கதவைத் தட்டினார்கள். "இஞ்சாருங்கோ, மொட்டையோட ஒரு வெள்ளைக்காரி நிக்கிறா" என்றாள் மனைவி. அதே பிக்குணி. பழைய ஆசிரியையிடம் முகவரி வாங்கி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"அன்றைக்குப் பொறுமையாக இருக்கச் சொன்னேன். அது பிழை. நீங்கள் கோபப்பட்டதுதான் சரி" என்றார். என்னிடமும் மனைவியிடமும் மகளிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார்.

கிடப்பில் போட்டவர்களில் ஒருவர்கூட எனக்கு ஒரு வரி எழுதவில்லை. அவர்களை நம்பிய இந்த மனுஷிதான் வந்து தலை குனிந்து நின்றார். இன்றைக்கும் காத்திருக்கிற ஒருவரிடம் 'பொறுமையாக இருங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. உங்களைக் காக்க வைத்திருப்பது யார் என்றுதான் முதலில் கேட்கிறேன்.